உதிரிப்பழ உருளையும் வகை பிரிக்கும் இயந்திரமும்

தீபாவளி விடுமுறைக்குச் சுங்கை சிப்புட் போயிருந்தபோது மாமா ஒரு வாட்ஸ்அப் குரல்பதிவைப் போட்டுக் காட்டினார். "இனிமே காப்புரிமை கொடுக்கிறதும் மறுக்கிறதும் ஏஐதான், மனுஷன் தொடவே மாட்டான்" என்று யாரோ அடித்துப் பேசிக்கொண்டிருந்தார். மாமா செம்பனை (பாமாயில்) தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர். ஓய்வுபெற்ற பிறகு, மரத்தடியில் சிந்திக் கிடக்கும் உதிரிப்பழத்தைக் குனியாமல் பொறுக்க ஓர் உருளை செய்திருக்கிறார். வளைந்த கம்பிகளால் ஆன கூடு, அதற்கு நீளமான ஒரு பிடி. தரையில் உருட்டினால் கம்பிகள் விலகிப் பழம் உள்ளே போய்விடும். கூடவே வரும் மண்ணையும் சருகையும் உதறிக் கீழே தள்ள ஒரு சின்ன ஏற்பாடும் வைத்திருக்கிறார்.

"ஏம்மா, நீ அந்த வேலையிலதானே இருக்க. மெஷின் என் உருளைய வேணாம்னு சொல்லிடுமா?"

கோலாலம்பூரில் காப்புரிமை விண்ணப்பங்கள் எழுதித்தரும் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இந்தக் கேள்வி அடிக்கடி என்னிடம் வருகிறது. கேட்பவர்கள் இரண்டு வேறு வேலைகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, விண்ணப்பம் எந்தத் துறையைச் சேர்ந்தது என்று வகை பிரிப்பது. மற்றது, அந்தக் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை தரலாமா என்று தீர்மானிப்பது. நான் இங்கே எழுதுவது முதல் வேலையைப் பற்றி. இயந்திரக் கற்றல் நன்றாகக் கைகொடுக்கும் இடம் அதுதான்.

ஏன் வகை பிரிக்க வேண்டும்?

ஒரு கண்டுபிடிப்பைக் குறிப்பிட்ட காலத்துக்கு மற்றவர்கள் அனுமதியில்லாமல் செய்யவோ விற்கவோ கூடாது என்று தடுக்கும் உரிமைதான் காப்புரிமை. பதிலுக்குக் கண்டுபிடித்தவர் தன் நுட்பத்தை மறைக்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும். மலேசியாவில் இதற்கான சட்டம் 1983-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம். விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து 20 ஆண்டு வரை உரிமை நிற்கும். விண்ணப்பங்களைப் பெறுவது மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓ.

உலகம் முழுக்க இப்படி ஓராண்டில் வந்து சேரும் விண்ணப்பங்கள் 2023-இல் 35 லட்சத்தைத் தாண்டின. ஒவ்வொன்றும் அந்தத் துறை தெரிந்த பரிசோதகரிடம் போக வேண்டும். பரிசோதகர் என்பவர் விண்ணப்பத்தைப் படித்து, இது புதியதா என்று தேடிப் பார்க்கும் அதிகாரி. மருந்து தெரிந்தவரிடம் டயர் விண்ணப்பம் போனால் இருவருக்கும் நேரம் வீண்.

ஆளிடம் சேர்ப்பதைவிட முக்கியமான காரணம் இன்னொன்று உண்டு. மாமாவின் உருளை புதியதா என்று பார்க்க வேண்டுமானால் அதற்கு முன் வந்ததையெல்லாம் தேட வேண்டும். "செம்பனை" என்ற சொல்லைப் போட்டுத் தேடினால் செம்பனை சம்பந்தப்பட்டது மட்டும்தான் வரும். செம்பனையே வளராத குளிர்நாட்டில் ஒருவர் வால்நட் பொறுக்க இதே மாதிரிக் கம்பிக்கூடு செய்திருக்கலாம். அவர் எழுதியதில் செம்பனை என்ற சொல் எங்கும் இராது. தரையில் சிந்திக் கிடப்பதைத் திரட்டும் கருவி என்ற ஒரே வகையில் இரண்டும் இருந்தால்தான் ஒன்றைத் தேடும்போது மற்றதும் கையில் அகப்படும். சொல் மாறினாலும் வேலை மாறாதவற்றை ஓரிடத்தில் கூட்டி வைப்பதுதான் வகைப்பாட்டின் பயன்.

முகவரி போல ஒரு குறியீடு

நாடுகள் பொதுவாகப் பயன்படுத்தும் ஏற்பாட்டின் பெயர் பன்னாட்டுக் காப்புரிமை வகைப்பாடு. 1971-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் பிறந்தது. ஏ முதல் எச் வரை எட்டுப் பெரும்பிரிவுகள். அவற்றுக்குள் கிளை, கிளைக்குள் கிளை என்று இறங்கினால் 70,000-க்கும் மேற்பட்ட கடைசிக் கிளைகள். ஐரோப்பிய அலுவலகமும் அமெரிக்க அலுவலகமும் சேர்ந்து 2013 முதல் நடத்தும் இன்னொரு வகைப்பாடு இதைவிட நுணுக்கமானது. அதில் சுமார் இரண்டரை லட்சம் கிளைகள். நமக்கு முதலாவதே போதும்.

தோட்டத்து முகவரியை நினைத்துக்கொள்ளுங்கள். மாநிலம், மாவட்டம், தோட்டம், லயம், வீட்டு நம்பர். குறியீடும் அப்படித்தான். ஏ01ஜி 23/10 என்பதை எடுத்துக்கொள்வோம். ஏ என்பது மனிதத் தேவைகள் என்ற பெரும்பிரிவு. ஏ01 வேளாண்மை, காட்டியல், மீன்பிடிப்பு முதலியன. ஏ01ஜி தோட்டக்கலையும் காட்டியலும். 23 என்பது காட்டியல். 23/10-க்கு வந்தால், ரப்பர் மாதிரி மரத்திலிருந்து பால் எடுப்பது. பக்கத்து வீடுகளையும் பாருங்கள்: 23/12 பால் வெட்டும் கத்திகளும் கோடரிகளும், 23/14 பால் வடியும் குழாயும் ஏந்தும் பாத்திரமும். ரப்பர் மரத்தில் பால் வெட்டிய என் பாட்டியின் கையில் இருந்த உளிக்கும், பால் ஏந்த மரத்தில் கட்டிய மங்குக்கும் உலக வகைப்பாட்டில் தனித்தனி எண் இருக்கிறது. முதன்முதலில் இதைப் பார்த்த அன்று வெகுநேரம் அந்தப் பக்கத்தை மூடாமல் வைத்திருந்தேன்.

இதுவரை பார்த்தது: வகைப்பாடு என்பது முகவரி. சரியான பரிசோதகரிடம் சேர்க்கவும், பழையதைத் தேடவும் அது வேண்டும். முகவரிகள் பல்லாயிரம் என்பதால் கையால் பிரிப்பது மெதுவான வேலை.

பாட்டியின் மேஜை

இயந்திரம் இதை எப்படிச் செய்கிறது என்று சொல்வதற்கு முன் பாட்டியிடம் போக வேண்டும். பால் வெட்டியது போக, சில வருஷம் அவர் ரப்பர் ஷீட் தரம் பிரிக்கும் மேஜையிலும் நின்றார். புகை போட்ட ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். குமிழி, பூஞ்சை, மரத்தூசி, அதிகப் புகையால் வந்த கறுப்பு. ஒரு நொடியில் ஒன்றாம் தரம், மூன்றாம் தரம் என்று எறிந்துவிடுவார். இந்தத் தரங்களுக்கு எழுத்தில் விளக்கமும் பார்வைக்கு மாதிரி ஷீட்டும் உண்டு. ஆனாலும் பாட்டி விளக்கத்தைப் படித்துக் கற்கவில்லை. அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நின்று, இது ஒன்று, இது மூன்று என்று ஆயிரம் ஷீட் காட்டினார். தப்பாகப் போட்டால் எடுத்து மாற்றினார். அவ்வளவுதான் பயிற்சி.

1965-இல் மலேசியா எஸ்எம்ஆர் என்ற தரப்படுத்தப்பட்ட ரப்பரைக் கொண்டுவந்தது. அதில் கண்ணால் பார்ப்பதை விட்டுவிட்டு, அழுக்கு எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, நைட்ரஜன் எவ்வளவு என்று ஆய்வகத்தில் அளந்து எண்ணால் தரம் சொன்னார்கள்.

இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் இயந்திரக் கற்றல் பிடிபடும். பாட்டியைப் போல அது உதாரணங்களிலிருந்து கற்கிறது. ஆய்வகத்தைப் போல அதற்கு எண் மட்டும்தான் தெரியும். ஆகவே, மனிதர் கையால் வகை எழுதிய பல்லாயிரம் பழைய விண்ணப்பங்களைக் கொடுத்து, அவற்றை எண்ணாக மாற்றி, எந்த மாதிரி எண் எந்த வகையோடு சேர்கிறது என்று கண்டுபிடிக்க விடுகிறோம். விதியை நாம் எழுதுவதில்லை. உதாரணங்களைக் கொடுத்து விதியை இயந்திரமே கண்டறிய வைப்பதற்குத்தான் இயந்திரக் கற்றல் என்று பெயர்.

"பால்" என்றால் எந்தப் பால்?

"விதியை நாமே எழுதிட்டா என்ன? பால்னு வந்தா ரப்பர் பக்கம் போடுன்னு?" என்று மாமா கேட்டார். நல்ல கேள்வி. அப்படியும் செய்து பார்த்தவர்கள் உண்டு. தோட்டத்தில் பிறந்தவனுக்குப் பால் என்றால் மரத்துப்பால். மற்றவர்களுக்கு மாட்டுப்பால். மலாயிலும் மரத்துப்பாலை "சுசு கெத்தா" என்றுதான் சொல்கிறோம், அந்த "சுசு"வுக்கும் பால் என்றுதான் பொருள். சொல்லை மட்டும் பார்க்கிற விதி, உளியைக் கொண்டுபோய்ப் பால் கறக்கும் கருவிகள் இருக்கும் ஏ01ஜே-இல் வைத்துவிடும்.

மைஐபிஓவுக்கு விண்ணப்பம் மலாயிலோ ஆங்கிலத்திலோ போகும். ஆங்கிலத்திலும் இதே கதைதான். பால் வெட்டுவதற்கு அவர்கள் "டேப்பிங்" என்பார்கள். மாமாவின் ஒர்க்‌ஷாப்பில் "டேப் போடுவது" என்றால் இரும்புத் துளைக்குள் மரை வெட்டுவது; அதன் வகை பி23ஜி. கைப்பேசித் திரையை விரலால் தட்டுவதும் டேப்பிங்தான். அது ஜி பிரிவில், கணினிப் பக்கம். ஒரே சொல்லுக்கு மூன்று வீடு. ஒவ்வொரு சொல்லுக்கும் இப்படி விலக்கு எழுதிக்கொண்டே போனால் வேலை முடியாது.

சொல் எப்படி எண்ணாகிறது

பழைய முறை எளிமையானது. ஒரு விண்ணப்பத்தில் எந்தச் சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணி ஒரு நீளமான பட்டியல் போடுவது. எல்லா விண்ணப்பத்திலும் வரும் "கருவி", "அமைப்பு", "முறை" போன்ற சொற்களுக்கு மதிப்பைக் குறைப்பார்கள். அரிதாக வரும் "உளி", "மங்கு" போன்றவற்றுக்கு மதிப்பைக் கூட்டுவார்கள். ஊரே போடுகிற வெள்ளைச் சட்டையை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது, நெற்றித் தழும்பை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்பது போல. இந்த எளிய முறையே வியக்கத்தக்க அளவு வேலை செய்யும்.

இதன் குறை, சொற்கள் தனித்தனியாகச் சிதறிப்போவது. புதிய முறை சொல்லோடு வரும் கூட்டத்தையும் பார்க்கிறது. பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பது இங்கே அப்படியே பொருந்தும். "டேப்பிங்" பக்கத்தில் மரம், பட்டை, பால் என்று வந்தால் அதற்கு ஒரு வகை எண்கள். திரை, விரல், ஐகான் என்று வந்தால் வேறு எண்கள். ஒரு சொல்லையோ வாக்கியத்தையோ இப்படிப் பொருளுக்கு ஏற்ப எண்வரிசையாக மாற்றுவதைப் பொருள்பதிவு என்று சொல்லலாம். பொருளில் நெருங்கியவை எண்ணிலும் நெருங்கி நிற்கும். உதிரிப்பழம் திரட்டுவதும் வால்நட் திரட்டுவதும் சொல்லில் தூரம், எண்ணில் அக்கம்பக்கம்.

2018-இல் கூகுள் வெளியிட்ட பெர்ட் என்ற மொழி மாதிரி, அதாவது ஏராளமான எழுத்தைப் படித்துச் சொற்கள் எப்படிச் சேர்ந்து வருகின்றன என்று கற்ற மென்பொருள், இந்தப் பாதையில் பெரிய அடி. அடுத்த ஆண்டே ஆய்வாளர்கள் அதை எடுத்து, அமெரிக்கக் காப்புரிமைகள் 20 லட்சத்துக்கு மேல் காட்டி, 600-க்கும் மேற்பட்ட துணைவகுப்புகளில் (ஏ01ஜி மட்டத்துக் கிளைகள்) பிரிக்கப் பழக்கினார்கள். அதற்கு வெகுமுன்பே, 2002 வாக்கில், உலக அறிவுசார் சொத்து நிறுவனம் ஏறத்தாழ 75,000 ஆங்கில ஆவணங்களை இந்த ஆராய்ச்சிக்காகத் திரட்டிக் கொடுத்திருந்தது. யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய ஐபிசிகேட் என்ற வகை சொல்லும் கருவியையும் அதே நிறுவனம் வைத்திருக்கிறது. அதாவது, இது வாட்ஸ்அப் பதிவு சொன்னதுபோல நேற்று முளைத்த விஷயம் இல்லை.

பயிற்சியின்போது உள்ளே என்ன நடக்கிறது

இயந்திரத்துக்குள் பல லட்சம் திருகுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு திருகும் ஓர் எண். அந்த எண்ணுக்கு எடை என்று பெயர். உள்ளே வரும் எண்வரிசை இந்த எடைகளோடு பெருகிக் கூடி, கடைசியில் ஒவ்வொரு வகைக்கும் ஒரு மதிப்பெண்ணாக வெளியே வரும். தொடக்கத்தில் திருகுகள் கண்டபடி நிற்பதால் மதிப்பெண்ணும் கண்டபடி வரும். உளி விண்ணப்பத்தைக் கொடுத்தால் "பால் கறக்கும் கருவி, 0.7" என்று சொல்லலாம். மனிதர் எழுதிய சரியான வகையோடு ஒப்பிட்டு, தவறு எவ்வளவு என்று கணக்கிட்டு, அந்தத் தவறு கொஞ்சம் குறையும் திசையில் ஒவ்வொரு திருகையும் ஒரு மயிரிழை திருப்புவார்கள். பிறகு அடுத்த விண்ணப்பம். இப்படி லட்சக்கணக்கான தடவை. பாட்டி தப்பாகப் போட்ட ஷீட்டைப் பக்கத்தில் நின்றவர் எடுத்து மாற்றியது நினைவிருக்கிறதா? அதே வேலைதான்.

பழகி முடிந்ததா என்று பார்க்க, பயிற்சியில் ஒருபோதும் காட்டாத விண்ணப்பங்களைத் தனியாக ஒதுக்கி வைத்திருப்பார்கள். அவற்றில் சோதித்தால்தான் உண்மை தெரியும். ஏற்கெனவே பார்த்த கேள்வியில் நூறு வாங்குவது பரீட்சை ஆகாது.

சுருக்கமாக: விண்ணப்பம் எண்ணாகிறது, எண் எடைகளோடு சேர்ந்து மதிப்பெண்ணாகிறது, தவறைப் பார்த்து எடை திருத்தப்படுகிறது. இந்த வழி நெடுகிலும், "இது நல்ல கண்டுபிடிப்பா?" என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு கையுறைக்கு நாலு வீடு

ஷீட்டுக்கு ஒரே தரம்தான். விண்ணப்பத்துக்கு அப்படி இல்லை. கமுந்திங் பக்கம் கையுறைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகள் எங்கள் உறவில் இருக்கிறார்கள். ஒரு புது ரப்பர் கையுறைக்கு விண்ணப்பம் வந்தால் அது உடைப் பக்கம் கையுறை என்பதால் ஏ41டி 19. அறுவை மருத்துவத்துக்கு என்பதால் ஏ61பி 42. அச்சைப் பாலில் முக்கி எடுக்கும் முறை புதிது என்றால் பி29சி 41. ரப்பர் கலவையே புதிது என்றால் சி08எல். நாலும் சரியாக இருக்கலாம். அதனால் இயந்திரம் ஒரே விடையைச் சொல்லாமல் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாக மதிப்பெண் தருகிறது. ஒரு குறிப்பிட்ட கோட்டுக்கு மேலே வந்தவற்றை எடுத்து மனிதர் முன் வைக்கிறார்கள். கோட்டை இறக்கினால் தேவையில்லாததும் சேரும், ஏற்றினால் தேவையானது நழுவும். எங்கே கோடு போடுவது என்பது மனிதர் முடிவு.

எங்கே சறுக்கும்

மேல்மட்டத்தில், அதாவது ஏ-யா சி-யா என்று சொல்வதில், இயந்திரம் நன்றாகச் செய்யும். முகவரியில் இறங்க இறங்கத் தடுமாறும். மாநிலம் சொல்வது சுலபம், வீட்டு நம்பர் சொல்வது கஷ்டம். பால் வெட்டும் கத்தி மாதிரிச் சிறிய வகைகளில் பழைய விண்ணப்பங்களே கொஞ்சம்தான். கணினி, பேட்டரி போன்ற துறைகளில் குவிந்து கிடக்கின்றன. நிறையப் பார்த்ததை நன்றாகக் கற்கிறது, கொஞ்சம் பார்த்ததைக் கோட்டைவிடுகிறது. நம் தோட்டத்துக் கருவிகள் பெரும்பாலும் இந்தக் கொஞ்சத்தில் சேருகின்றன. எனக்கு இதில் உண்மையான கவலை உண்டு. உலகச் சந்தைக்குச் சின்னதாகத் தெரிகிற தொழில், தரவிலும் சின்னதாகி, கடைசியில் தவறான தட்டில் போய் உட்கார்ந்துவிடக் கூடாது.

வகைப்பாடும் நிற்பதில்லை. ஆண்டுதோறும் ஜனவரி 1-இல் திருத்தம் வரும், புதுக் கிளை முளைக்கும். புதுக் கிளைக்குப் பழைய உதாரணம் இல்லாததால் இயந்திரத்துக்கு அது தெரியாது. அப்போது மனிதர்தான் முதலில் பிரித்துக் காட்ட வேண்டும்.

நீளம் இன்னொரு தொல்லை. விண்ணப்பம் பல பக்கம் ஓடும். பெர்ட் ஒரே தடவையில் 512 சொல்துண்டுகள் வரைதான் வாங்கிக்கொள்ளும். அதனால் தலைப்பு, சுருக்கம், முதல் உரிமைக்கோரிக்கை என்று சில பகுதிகளை மட்டும் கொடுப்பார்கள். உரிமைக்கோரிக்கை என்பது, "எனக்குச் சொந்தம் என்று நான் கேட்பது இதுதான்" என்று விண்ணப்பத்தில் எழுதும் வாக்கியம். கொடுக்கிற பகுதி மங்கலாக இருந்தால் விடையும் மங்கலாகத்தான் வரும்.

காப்புரிமை தரலாமா என்ற தீர்ப்போ, இந்த மதிப்பெண்ணில் எங்குமே இல்லை. புதியதா, துறை தெரிந்தவருக்குச் சட்டென்று தோன்றிவிடாத ஒரு முன்னேற்றம் அதில் இருக்கிறதா, தொழிலில் பயன்படுமா என்று சட்டம் மூன்று கேள்வி வைக்கிறது. அவற்றைப் பரிசோதகர் படித்து, தேடி, கடிதத்தில் விவாதித்துத் தீர்மானிக்க வேண்டும். "ஏ01டி (அறுவடை), 0.8" என்பதில் அந்த மூன்றுக்கும் பதில் கிடையாது.

மாமாவின் முதல் பத்தி

இவ்வளவும் சொன்ன பிறகு மாமா தன் நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தார். முதல் இரண்டு பக்கமும் எண்ணெயைப் பற்றி. உதிரிப்பழத்தைத் தரையில் விட்டுவிட்டால் எண்ணெயில் தனித்துப் பிரிந்த கொழுப்பு அமிலம் ஏறும், கச்சா எண்ணெயில் அது 5 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் விலை இறங்கும் என்று அழகாக எழுதியிருந்தார். எல்லாம் உண்மை. ஆனால் உருளை மூன்றாம் பக்கத்தில்தான் வந்தது.

"மாமா, மொத ரெண்டு பக்கத்த மட்டும் படிச்சா இது என்னன்னு நினைப்பீங்க?"

கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆலையில எண்ணெய் புழியற சமாச்சாரம்."

இயந்திரமும் அப்படித்தான் நினைக்கும். எண்ணெய் பிழிவதற்கான சி11பி பக்கம் மதிப்பெண் சாயும். மாமாவின் உருளைக்கு உரிய இடம் ஏ01டி 51, தரையில் சிந்திய விளைச்சலைத் திரட்டும் கருவிகள். அவசரத்தில் புரட்டும் மனிதரும் இதே இடத்தில் தடுக்கி விழலாம். இரண்டு பேருக்கும் ஒரே மருந்துதான்: என்ன பொருள், எதைச் செய்கிறது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவது. மாமா பேனாவை எடுத்து, எண்ணெய்க் கதையைப் பின்னால் தள்ளி, மேலே எழுதினார்: "தரையில் கிடக்கும் செம்பனை உதிரிப்பழத்தை உருட்டித் திரட்டி, ஒட்டிய மண்ணையும் சருகையும் உதறிப் பிரிக்கும் கைக்கருவி."

பிறகு கேட்டார், "அந்த வால்நட் ஆளு செஞ்சது ஏற்கெனவே இருக்குன்னா, எனக்குக் காட்டு."

அன்றிரவு ஏ01டி 51-இல் இருக்கும் பழைய விண்ணப்பங்களின் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். கம்பிக்கூடுகள் இருந்தன. மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு படத்திலும் ஒன்றைத்தான் தேடினார். மண்ணை எங்கே உதறுகிறார்கள் என்று. பதினொன்றரைக்கு அத்தை விளக்கை அணைக்கச் சொல்லும் வரை அவர் கண்ணில் அது படவில்லை. நோட்டில், முதல் உரிமைக்கோரிக்கை என்று எழுதிய இடத்தில் "உருளை" என்பதை அடித்துவிட்டு, "உதறும் அமைப்பு" என்று எழுதி வைத்துவிட்டுப் படுக்கப் போனார்.